பாட்டிடைப் பேச்சு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இசை மேடையில் ஒரு பாடல் முடிந்து அடுத்த பாடல் தொடங்கும் முன் சிறிது நேரம் கழிகிறது. தம்பூராவின் சுருதி சரிபார்க்கப்படுகிறது. மிருதங்கம் தட்டிச் சேர்க்கப்படுகிறது. பாடுபவர் ஒரு மிடறு நீர் அருந்துகிறார். இசைவாணர் சிலர் அப்பொழுது அவையை நோக்கிச் சில சொற்கள் பேசுவதுண்டு. வரவிருக்கும் பாட்டைப் பற்றிய குறிப்பாகவோ, நகைச்சுவையாகவோ, நாட்டு நடப்பாகவோ அது அமையும். இசை விமரிசனத்தில் அதற்கு இடம் அரிது. ஒலிப்பதிவு செய்வோர் பல வேளைகளில் அதை வெட்டி எறிந்துவிடுகின்றனர். கேட்டவர் மட்டும் ராகத்தின் பெயரை மறந்த பின்னும் அந்தப் பேச்சை நினைவில் வைத்திருக்கின்றனர். இந்த உரையின் பொருள் அந்தப் பேச்சுத்தான்.

தமிழுக்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காக வகுக்கிறது. பாட்டின் இடையே வைக்கப்படும் குறிப்பு, பாட்டின்றித் தானே எழும் பேச்சு, நடந்த பொருளோடு பொருந்தாப் புனைவு, பொருளோடு பொருந்திய நகைமொழி என்பன அவை. பாட்டிடைக் குறிப்பை ஆசிரியர் முதலில் வைத்தார். உரை என்றவுடன் அவர் நினைவுக்கு வந்தது பாட்டின் அருகில் நிற்கும் உரையே என்று கொள்ள இடமிருக்கிறது.

சிலப்பதிகாரம் இதற்குச் சிறந்த இலக்கியமாக நிற்கிறது. ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில் உரைப்பாட்டு மடை என்னும் பகுதி வருகிறது. குடத்துப் பால் உறையவில்லை. எருதின் கண்களில் நீர் வழிகிறது. உறியிலிருக்கும் வெண்ணெய் உருகவில்லை. பசுக்களின் மணிகள் அற்று விழுகின்றன. இவற்றைக் கண்ட மாதரி தன் மகள் ஐயையிடம் தீங்கு ஒன்று வரவிருக்கிறது என்கிறாள். ஆதலால் குரவை ஆடுவோம் என்கிறாள். இந்தச் சில சொற்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது மகிழ்ச்சியான ஆடலும் பாடலுமே. அச்சொற்கள் இருப்பதனால் அதே பாட்டு அச்சத்தின்மேல் எழுந்த வேண்டுதலாகிவிடுகிறது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்பவர் நெஞ்சம் மாறிவிடுகிறது. பாட்டிடைப் பேச்சின் ஆற்றல் இன்னது என்று காட்ட இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தென்பாண்டி நாட்டின் வில்லுப்பாட்டில் இம்மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. குமரி, நெல்லை வட்டாரத்துக் கொடை விழாக்களில் வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க, தலைமைப் புலவர் பாடுவார். பாட்டை நிறுத்திக் கதையைப் பேச்சில் விரிப்பார். உடன் இருப்பவர் ‘ஆமா’ என்று ஒப்புக் கொடுப்பார். அந்த ‘ஆமா’ வெறும் ஒலியன்று. அவை முழுவதன் சார்பாக ஒருவர் தரும் மறுமொழி அது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், அவர்வழி வந்து 2022ஆம் ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகமும் வில்லுப்பாட்டை நகர மேடைக்குக் கொணர்ந்தபோது, பாட்டோடு இந்தப் பேச்சையும் கொணர்ந்தனர். கதாகாலட்சேபத்திலும் பேச்சும் பாட்டும் ஒன்றையொன்று தாங்கியே நடக்கின்றன.

இவற்றோடு ஒப்பிடுகையில் கருநாடக இசைக் கச்சேரி மேடை மௌனமானது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கச்சேரி முறையில் வர்ணம் முதல் மங்களம் வரை ஒரு வரிசை இருக்கிறது; அவ்வரிசையில் பேச்சுக்கென்று ஓர் இடமில்லை. அவையோர் விருப்பப் பாடலைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவர். பாடகர் அதைப் படித்துப் புன்னகை செய்வார். பாடுவார், அல்லது பாடாது விடுவார். உரையாடல் நடக்கிறது; ஆனால் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பாட்டு. இசையின் ஓட்டம் கலையாது என்பது இம்முறையின் சிறப்பு. பாட்டின் மொழி அறியாத கேட்பவர் பொருளுக்கு வெளியே நின்றுவிடுவது இதன் குறை. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்குப் பின்னால் இருந்த ஏக்கங்களுள் இதுவும் ஒன்று. பாட்டின் மொழியை மாற்றுவது ஒரு வழி. பாட்டுக்கு முன் இரண்டு சொற்கள் சொல்வது இன்னொரு வழி. முன்னதைப் பற்றிப் பெரும் விவாதம் நடந்த அளவுக்குப் பின்னதைப் பற்றி நடந்ததில்லை.

தொல்காப்பியர் வகுத்த நான்கையும் உலக மேடைகளில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் வியப்பளிக்கிறது.

முதலாவது, பாட்டிடைக் குறிப்பு. 1971 ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நிகழ்ச்சி நடத்தினர். ரவிசங்கரின் சித்தார், அலி அக்பர் கானின் சரோத், அல்லா ரக்காவின் தபலா ஆகியன சுருதி சேர்க்கப்பட்டு நின்றவுடன் அரங்கு அதிரக் கைதட்டல் எழுந்தது. சுருதி சேர்த்ததையே இசை என்று அவையோர் எண்ணிவிட்டனர். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் கூறினார். அறியாதவரை அவர் இகழவில்லை. அறியாமையை மறைக்கவும் இல்லை. ஒரே வாக்கியத்தில் அவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். இசைத்தட்டிலும் அச்சொற்கள் நீக்கப்படாமல் நின்றன.

இரண்டாவது, பொருளோடு புணர்ந்த நகைமொழி. 1963 நவம்பர் 4ஆம் நாள் இலண்டனில் அரச குடும்பத்தினர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். கடைசிப் பாட்டுக்கு முன் ஜான் லெனன் அவையின் உதவியைக் கேட்டார். மலிவான இருக்கைகளில் இருப்போர் கைதட்டலாம். ஏனையோர் நகைகளைக் குலுக்கினால் போதும் என்றார். அவை சிரித்தது. சிரிப்புக்குள் வகுப்பு வேறுபாட்டின் முள் இருந்தது. உழைப்பாளர் நகரமான லிவர்பூலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அரசவைக்கு முன் அதை வேறெந்த வடிவில் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார்களா என்பது ஐயமே.

இதனினும் ஆழமானது நினா சிமோன் 1964ஆம் ஆண்டு நியூயார்க்கின் கார்னகி அரங்கில் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மிசிசிப்பியில் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெடிகுண்டுக்கு நான்கு சிறுமியர் பலியாயினர். அந்தச் சினத்தில் பிறந்த பாட்டைத் துள்ளும் மெட்டில் தொடங்கிய அவர், இது ஒரு நாடகப் பாட்டு என்றும், நாடகம்தான் இன்னும் எழுதப்படவில்லை என்றும் இடையே சொன்னார். அவை சிரித்தது. பாட்டு வளர வளரச் சிரிப்பு தேய்ந்து மறைவதை ஒலிப்பதிவில் இன்றும் கேட்கலாம். சிரிக்கவைத்த பின்னரே அவர் சுட்டார். அந்த நகைமொழி இல்லாதிருந்தால் அவையோர் தம் சிரிப்புக்குத் தாமே நாணும் நிலை நேர்ந்திராது.

மூன்றாவது, பொருளோடு புணராப் புனைவு. சார்லஸ் மிங்கஸ் என்னும் ஜாஸ் இசைவாணர் 1960 அக்டோபரில் நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். எதிரே அவையோர் ஒருவருமில்லை. ஆயினும் இரவு விடுதி மேடையில் நிற்பவரைப் போலவே பேசினார். கைதட்ட வேண்டாம், கோப்பையில் பனிக்கட்டியைக் குலுக்க வேண்டாம், பணப்பெட்டியை ஒலிக்கச் செய்ய வேண்டாம் என்று இல்லாத கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அப்பதிவில் ஆர்க்கன்சாஸ் மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸை எள்ளும் பாட்டும் இருக்கிறது. 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்தியவர் அவர். 1959இல் வெளிவந்த தட்டில் அந்த இசை சொற்களில்லாமல் வந்தது. 1960இல் சொற்களோடு வந்தது. கற்பனை அவையை எழுப்பி, அதன்முன் உண்மையைப் பேசினார் மிங்கஸ். எதிரே கேட்பவர் வேண்டும் என்ற வேட்கை கலைஞனுக்கு எவ்வளவு அடிப்படையானது என்பதையும் இது காட்டுகிறது.

நான்காவது, பாட்டின்றி எழும் பேச்சு. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அமெரிக்க நகரங்கள் பல பற்றி எரிந்தன. மறுநாள் இரவு பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதை நிறுத்தாமல் நடத்தவும், மக்கள் வீட்டிலிருந்தே பார்க்குமாறு தொலைக்காட்சியில் ஒளிபரப்பவும் நகரத் தந்தை கெவின் ஒயிட் இசைந்தார். கச்சேரியின் பிற்பகுதியில் இளைஞர்கள் மேடையேறினர். காவலர்கள் அவர்களைப் பிடித்துத் தள்ளினர். இன்னும் சிறிது பொழுதில் எதுவும் நேர்ந்திருக்கலாம். பிரவுன் இசையை நிறுத்தினார். காவலரை விலகச் சொன்னார். இளைஞரிடம் தன்மதிப்போடு நடந்துகொள்ளுமாறு பேசினார். அவர்கள் இறங்கினர், பாட்டு தொடர்ந்தது. பாஸ்டனில் அவ்விரவு பெரிய கலவரமின்றிக் கழிந்தது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தைக் காத்தது பாட்டன்று, பேச்சே.

இவ்வளவு சொன்னபின் பேசாதவரைக் குறைவாக மதிப்பிடுவது தவறாகும். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் பாடல்களின் பெயரை அறிவிக்கமாட்டார். அவையை நோக்கிப் பேசமாட்டார். திமிர் என்று பலர் பழித்தனர். கறுப்பினக் கலைஞன் மேடையில் பல்லைக் காட்டிச் சிரித்து வெள்ளையரை மகிழ்விக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிலவிய நாட்டில், அந்த மௌனம் ஒரு மறுப்பாயிற்று. தம்மை இசைக்காகக் கேளுங்கள், குழைவுக்காகக் கேட்காதீர்கள் என்பது அதன் பொருள். ஆகவே பேச்சும் மௌனமும் தம்மளவில் உயர்வோ தாழ்வோ இல்லாதன. கலைஞன் விரும்பிப் பேசுகிறானா, பேசுமாறு பணிக்கப்படுகிறானா என்பதே கேள்வி.

பேச்சுக்கு அறமும் உண்டு. 1962 ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க்கில் பிராம்ஸின் பியானோ இசைக்கோவையை வாசிக்கவிருந்தார் கிளென் கூல்ட். தொடங்குமுன் இசைக்குழுவின் நடத்துநர் லியனார்டு பெர்ன்ஸ்டைன் அவையிடம் பேசினார். கூல்டின் விளக்கம் தமக்கு முழு உடன்பாடன்று என்று வெளிப்படையாகக் கூறி, அவர் ஆழ்ந்து சிந்திக்கும் கலைஞர் ஆதலால் அதை நடத்த இசைவதாகவும் சொன்னார். உடன் கலைஞரை அவைமுன் காட்டிக்கொடுத்த செயல் என்று ஒரு சாரார் கண்டித்தனர். நேர்மையென்று மறுசாரார் கொண்டனர். பேச்சு நல்லெண்ணத்தோடு பிறந்தாலும், பக்கத்தில் வாய்மூடி அமர்ந்திருப்பவரின் மானம் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மேடையில் பேசுவோர் மறத்தலாகாது. பக்கவாத்தியக் கலைஞரின் பெயரைத் தெளிவாகச் சொல்லி அவைக்கு அறிமுகம் செய்யும் ஒரு வாக்கியம், பல புகழுரைகளினும் பெரியது.

இறுதியாகக் காக்கவேண்டிய ஒன்று. 1968 சனவரி 13ஆம் நாள் ஜானி கேஷ் ஃபோல்சம் சிறைக்குள் பாடினார். கைதிகளிடம் அவர் பேசிய பேச்சும், அவர்களின் ஆரவாரமும் இசைத்தட்டாக வந்து புகழ்பெற்றன. கொலையைச் சொல்லும் ஓரடி முடிந்தவுடன் கைதிகள் ஆர்ப்பரிப்பதாகத் தட்டில் கேட்கிறது. அந்த ஆரவாரம் பின்னர்க் கூடத்தில் சேர்க்கப்பட்டது. உண்மையில் கைதிகள் அவ்விடத்தில் ஆர்ப்பரிக்கவில்லை. கத்தரிக்கோல் ஒரு சிரிப்பை நீக்கலாம். இல்லாத ஆரவாரத்தைச் சேர்க்கலாம். இரண்டும் வரலாற்றைத் திரிக்கின்றன. சிறைப்பட்ட மனிதர்களைப் பற்றி, அவர்கள் செய்யாத ஒன்றைத் தலைமுறைகள் நம்பிவிட்டன.

தமிழ்நாட்டில் இழப்பு வேறு வகையில் நேர்கிறது. வில்லுப்பாட்டுக் கதையை நூலாக்கும்போது பாட்டை மட்டும் அச்சிட்டால், புலவர் அன்றிரவு அந்த ஊரை, அந்த மழையை, அந்த அவையை நோக்கிச் சொன்ன சொற்கள் போய்விடுகின்றன. பாட்டு ஏட்டில் இருந்தால் இன்னொருவர் பாடிவிடலாம். அந்தப் பேச்சோ ஒரே ஒரு முறை பிறந்தது. அது போனால் போனதுதான். ஆதலால் நாட்டார் கலைகளையும் கச்சேரிகளையும் பதிவு செய்வோர் சுருதி சேர்ப்பதையும், சீட்டு வருவதையும், இருமலையும், பேச்சையும், ‘ஆமா’வையும் வெட்டாமல் முழுமையாகக் காப்பது கடமையாகும். பல்கலைக்கழக ஆய்வேடுகள் பாட்டின் பாடவேறுபாடுகளை ஆராயும் அக்கறையில் ஒரு பங்கையேனும் பேச்சுக்குத் தரவேண்டும்.

பாட்டு அவையைக் கடந்து காலத்துக்குச் செல்வது. பேச்சு அவையிலேயே தங்கி, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது. ‘இன்று, இங்கே, உங்களுக்காக’ என்று சொல்ல வல்லது அதுவே. மாதரியின் அச்சத்தைப் பாட்டோடு சேர்த்துக் காத்துத் தந்தவர் இளங்கோவடிகள். அவர் காட்டிய அக்கறையை ஒலிப்பதிவுக் கருவி கையில் இருக்கும் இக்காலமும் காட்டுதல் தகும்.