பனியில் நிற்கும் பழங்கட்டடங்கள்



தமிழில் ‘பனி’ என்னும் சொல் பரந்த பொருளுடையது. புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். விடியலில் வயல்மேல் படரும் மூடலும் பனிதான். இமயத்தின் கொடுமுடியில் உறைந்து கிடப்பதும் பனியே. கடுங்குளிர் நாடுகளில் ஒளிப்படக் கலைஞர்கள் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் பனி பொழியும் நாளில் படம் எடுக்கக் காத்திருப்பர். சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தகைய பொழிவு இல்லை. ஆயினும் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்தபோது, மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் இரு பருவங்களைப் பனிக்கே ஒதுக்கினர். இந்த மண்ணின் பனி அதுவே.

மார்கழி விடியலில் நாமக்கல் கமலாலயக் குளக்கரையில் நின்று மலையை நோக்குவோர் கண்களுக்கு ஊர் மறைந்துவிடுகிறது. மின்கம்பிகள் இல்லை, விளம்பரப் பலகைகள் இல்லை, அடுக்கு மாடிகள் இல்லை. ஒரே பாறையாக எழுந்த குன்றும், அதன் தலைமேல் வளைந்த கோட்டை மதிலும் மட்டுமே வெண்மையினூடே தெரிகின்றன. அக்குன்றைக் குடைந்து, ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில், அதியர் மரபினர் காலத்தில் அமைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் இருபுறமும் உள்ளன. கீழே, கூரையற்ற கருவறையில் 18 அடி உயரத்தில் நிற்கும் அனுமன்மீது அந்தப் பனி நேராகவே இறங்குகிறது. கேமரா வைத்திருப்பவர் எவரும் அந்த வேளையை விட்டுவிட மாட்டார்.

உறைபனிக்கும் மூடுபனிக்கும் கட்டடத்தின்மேல் ஒரே வேலை அன்று. உறைபனி கிடைக்கோடுகளில் தங்குகிறது. கூரை விளிம்பு, மதில் தலை, படிக்கட்டு ஆகியவை வெள்ளைக் கோடுகளாகத் துலங்கும். தரையிலிருந்து ஒளி மேலெழுந்து, தாழ்வாரத்தின் அடிப்புறத்து நிழலையும் வெளுக்கச் செய்யும். மூடுபனியோ எந்தக் கோட்டையும் தீட்டுவதில்லை; தொலைவை அழிக்கிறது. அருகில் உள்ளது கறுத்தும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கப்பால் உள்ளது இல்லாமலும் போகின்றன.

இரண்டிலும் பொதுவானது ஓர் ஏமாற்றம். கேமராவின் ஒளியளவி, தன்முன் உள்ள காட்சியைச் சற்றேறக்குறைய 18 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது. ஆகவே அதன் சொற்படி நடந்தால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகும். உறைபனிக்கு அது கூறும் ஒளியைப்போல் இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரையும், மூடுபனிக்கு ஏறக்குறைய இருமடங்கு வரையும் ஒளியைக் கூட்ட வேண்டும். கருவி பொதுமையை அறியும். வெண்மையை அறிவது மனிதனின் பொறுப்பு.

இம்மாவட்டத்தின் பழங்கட்டடங்களைப் படம்பிடிக்கும் வேலையும் ஒரு மார்கழியை ஒட்டியே தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டு, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் அவருடைய தொகுதி 1858-இல் வெளிவந்தது. அக்காலத்துக் காகித எதிர்மறைகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்பவை. அதனால் வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. பர்மாவில் எடுத்த சில எதிர்மறைகளில் டிரைப் மேகங்களைத் தம் கையால் தீட்டிச் சேர்த்ததும் உண்டு.   1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதியதால் அது முடிவுக்கு வந்தது. படங்கள் மட்டும் நிலைத்தன. இன்று அந்தக் கோட்டையில் எது விழுந்தது, எது நிற்கிறது என்று ஒப்பிட அவையே சான்று.

பனிப்படத்தின் மேல் எழ வேண்டிய வினா இங்கேதான் உள்ளது. பனி மின்கம்பியை மட்டும் மறைப்பதில்லை. மதிலின் இடுக்கில் வேரோடிய அரசங்கன்றையும் மறைக்கிறது. சுண்ணச்சாந்து உதிர்ந்த இடத்தில் பூசிய சிமெண்டையும் மறைக்கிறது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் தூய்மை செய்வதாக எண்ணி மணலை வீசியடித்ததில் முகம் தேய்ந்த சிற்பங்களையும் மறைக்கிறது. படம் அழகாகிறது, கட்டடம் நோயோடு நிற்கிறது. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் இணையர் தொழிற்கூடங்களை மூடிய வானத்தின் கீழ் எடுத்தது அழகுக்காக மட்டும் அன்று. நிழல் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதற்காக. ஒரே வெளுத்த ஒளி, ஒருவர் கையில் திரை. மற்றவர் கையில் விளக்கு.

மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றபோது காவிரிக்கரை ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்படுகின்றன. படம் எடுக்கக் கூட்டம் கூடுகிறது. அப்படங்கள் இரக்கத்தை எழுப்புகின்றன. ஆனால் அந்தக் கோயிலில் மாலையில் எந்தத் திண்ணையில் யார் அமர்ந்தனர் என்பதை அவை சொல்லா. மூழ்கிய பின் எடுப்பது இரங்கற்பா. மூழ்குமுன் எடுப்பதே அறிவு.

கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை தூரிகை பிடித்த ஓவியரும் ஆவார். கண்ணால் அளந்து வரைந்த கை அது. இன்று பிறந்த ஊரைப் பாடும் கவிதைகள் பலவற்றில் பனி மிகுதி. ஓட்டுவீடு வருகிறது, திண்ணை வருகிறது, முற்றம் வருகிறது. அவ்வீடு எந்த ஆண்டு இடிந்தது, ஏன் இடிந்தது, தூண்கள் எந்தக் கடைக்கு விலைபோயின என்பவை வருவதில்லை. ஏக்கம் உண்மைதான். ஏக்கம் மட்டுமே எஞ்சினால் பேரனுக்குக் கிடைப்பது வெறும் வெண்மை.

ஆதலின் பனியில் எடுக்க வேண்டாம் என்பதன்று இவ்வுரையின் முடிவு. இரண்டு படம் எடுக்கலாம். ஒன்று விடியலில், பனியோடு. மற்றொன்று பனி விலகி வெயில் ஏறியபின், அதே இடத்தில் நின்று, விரிசலும் வேரும் தெரிய. இரண்டின் பின்புறத்திலும் ஊர், தெரு, நாள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். முதற்படம் கவிதை, இரண்டாவது பத்திரம். கவிதையை நெஞ்சம் காக்கும். கட்டடத்தைக் காக்கப் பத்திரம் வேண்டும்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவின் பழைய வீடொன்றை வரும் மார்கழியில் இவ்வாறு இருமுறை பதிவுசெய்தால், இருபதாம் ஆண்டு மலரில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இருக்கும். சில வீடுகள் அதற்குள் இல்லாமற்போகலாம். அப்போதும் அவை எவ்வாறு நின்றன என்பது தெரிந்திருக்கும்.