சட்டத்தின் சொல்லும் பொருளும்

(பண்டத்தரிப்பில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



உங்கள் காணி உறுதிகளுக்கு அடிப்படையாய் நிற்பது தேசவழமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த அதனை ஆங்கிலேயர் 1806இல் ஏற்றபொழுது, யாழ்ப்பாண மாகாணத்து “மலபார்” குடிகளுக்கு உரியதென எழுதினர். மலபார் என்பது மலையாள நாடன்றோ என்று ஒருவர் அகராதியை விரித்து வாதித்தால், பண்டத்தரிப்பில் ஒருவருக்கும் தேசவழமை இல்லையென்றாகிவிடும்! அக்கால ஐரோப்பியர் தமிழரையே அப்பெயரால் அழைத்தனர். அதனை உணர்ந்த நீதிமன்றங்கள் அச்சொல்லுக்கு யாழ்ப்பாணத் தமிழர் என்றே பொருள் கொண்டன. சட்டத்தை அது பிறந்த சூழலில் வைத்துப் படித்தல் என்பது இதுவே.

காணிக்குக் கிடைத்த இந்நீதி வாக்குரிமைக்குக் கிடைத்ததா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நோக்குங்கள். இலங்கையிற் பிறந்தவனாயினும், தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால், பூட்டனின் பிறப்புக்குத் தோட்டத் தொழிலாளி எங்கே சான்று தேடுவான்? 1949இல் வாக்குரிமை பிரசைகளுக்கே என்று தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரசு, 1952இல் ஒருவரையேனும் அனுப்பமுடியாது போயிற்று.

ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அதனைக்கொண்டு கோடகன்பிள்ளை வழக்கு எழுந்தது. சொற்கள் தெளிவாயிருக்க வெளியே பார்க்கவேண்டியதில்லை என்று 1951இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஒருபடி மேலே சென்றது. நேரடியாகச் செய்யமுடியாததை மறைமுகமாகச் செய்யும் சட்டமும் செல்லாததாகலாம் என்றும், ஆணைக்குழு அறிக்கைகளைப் பார்க்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. கதவு திறந்தது, நீதி நுழையவில்லை! தன் பிரசைகள் யாரென வகுப்பது சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்றும், வந்துபோகும் வழக்கம் பிரசாவுரிமைத் தகுதியைப் பற்றியதேயன்றிச் சமூகத்தைப் பற்றியதன்று என்றும் தீர்ப்பளித்தது.

நான் சொல்ல வந்தது இதுதான்: சூழலைப் பார்த்தால் மட்டும் போதாது, எந்தச் சூழலைப் பார்க்கிறோம் என்பதே வினா. வந்துபோனதைக் கண்டவர்கள், வந்து நிலைத்து உழைத்த தலைமுறைகளையும் கண்டிருக்கவேண்டாமா?

அக்குறை பெருமளவிற்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது. 29ஆம் பிரிவோ 1972இல் மறைந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, சட்டமூலம் சட்டமானபின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராயமுடியாது. எனவே, சட்டமூலமாய் இருக்கும்போதே படியுங்கள். யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பாராதீர்கள். யார் தலையில் விழப்போகிறது என்று கேளுங்கள். அக்கேள்வியை வழக்கறிஞரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.