லயத்திற்குள் நுழைந்த "பணக்கார நோய்"

(பதுளையில் நடைபெற்ற கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவும் இரத்த அழுத்தமும் செல்வர் வீட்டு நோய்கள் என்றே நம் முன்னோர் எண்ணியிருந்தனர். இன்று பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்மார் அந்நோய்களோடு கிளினிக் வரிசையில் நிற்கின்றனர். நாள் முழுதும் மலை ஏறி இறங்கும் அவர்களிடம் "நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று நான் எந்த முகத்துடன் கூறுவேன்?

குறை உழைப்பில் இல்லை, உணவில் இருக்கிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்; பகலில் மலையிலும் அதே ரொட்டி. இடையிடையே சாயத் தண்ணீர். தேயிலை பழிக்குரியதன்று, அதிற் கரையும் சீனியே பழிக்குரியது. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்தினால் பதினைந்து தேக்கரண்டி! நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், நிறுத்துவதே நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். சம்பலும் கருவாடும் அந்த எல்லையை எளிதில் தாண்டச் செய்துவிடும்.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் கரட்டும் போஞ்சியும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. அதே ஊவாவில் வாழும் நம் பிள்ளைகளோ இம்மண்ணில் விளையாத கோதுமையை உண்டு வளர்கின்றனர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப்புறத்தில் சுமார் 32 பேர். தாயின் வயிற்றில் ஊட்டமின்றி எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இந்நோயின் வித்து தொட்டிலுக்கு முன்பே விழுந்துவிடுகிறது!

ஆயினும் மனந்தளர வேண்டாம். சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் பழக்கத்தையும் திருத்திக்கொண்டோரிடையே நோய் வருவது நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டோர் பெற்ற பயனும் ஏறக்குறைய அவ்வளவே.

ஆகவே, சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ரொட்டி மாவிற் குரக்கனைக் கலவுங்கள். பருப்பும் கடலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தட்டில் இடம் பெறட்டும். வெற்றிலை போடுவோரே, புகையிலையை நீக்கினாற் போதாது. பாக்கே புற்றுநோய் விளைவிப்பது. நீரிழிவுள்ளோர் வெறுங்காலுடன் மலைக்குப் போகலாகாது. மாலைதோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உணர்விழந்த காலிற் பட்ட சிறு கீறலும் காலையே வாங்கிவிடும்.

ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "ஐயா, கிளினிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். தலைச்சுற்றும் இல்லை, மாத்திரையை விட்டுவிட்டேன்." சில மாதங்களிற் பக்கவாதம் அவரை லயத்து அறையிற் கிடத்தியது. இரத்த அழுத்தம் வலியின்றி வளரும் நோய். சுகமாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தாதீர்கள்!

ஆனால் அத்தாயை மட்டும் குறை கூறி நான் அமர்ந்துவிட்டால் அது நீதியாகாது. கூலியை இழந்தா அவர் மருந்து வாங்க வேண்டும்? கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டப்படக் கூடாது. லயத்தருகே கீரை நடத் துண்டு நிலம் வேண்டும். பிள்ளைக் காம்பராவிற் சத்துள்ள உணவு வேண்டும். இங்கு வந்திருக்கும் கமக்காரர்களே, உங்கள் மரக்கறியில் ஒரு பங்கைச் சம்பள நாளன்று தோட்டத்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள். படித்த இளைஞர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு லயத்துக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்க எமக்குத் துணை நில்லுங்கள்.

சீனியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. அதை நாளைக் காலையே தொடங்குவோம். நிலமும் நேரமும் பிறர் கையில் இருக்கின்றன. அவற்றை ஒன்றுபட்டுக் கேட்போம்.