உப்பு மாவும் சின்னக் கைகளும்

(பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் கூடியிருந்த மாலையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் குழந்தைகள் வார்டில் என்ன நடக்கிறது என்று சொல்லும்படி கேட்டீர்கள். மருந்தையும் ஆபரேஷனையும் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். நாங்கள் ஒரு சிறு காரியத்தை மட்டும் சொல்கிறோம். மைதா, உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து, பிள்ளைகளோடு பொம்மைகளும் கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கல்களும் செய்வதே அது. "உப்பு மாவு" என்றால், "உப்புமாவா?" என்று கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வேலை அந்தச் சிரிப்பிலேயே தொடங்கிவிடும்.

வார்டில் கிடக்கும் பிள்ளைக்குக் காலை முதல் இரவு வரை எல்லாவற்றையும் பிறரே செய்கிறார்கள். "கையை நீட்டு", "வாயைத் திற", "அசையாதே" என்ற சொற்களையே அவன் கேட்கிறான். ஓர் உருண்டை மாவைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் மாவு அவன் சொற்படி கேட்கிறது. 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

செய்முறை எளிது. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப் முதல் 1 கப் வரை. கல்லுப்பானால் இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் பிசையுங்கள். கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் விளிம்பாலோ டிபன் டப்பா மூடியாலோ வெட்டலாம். ஒரு துண்டின்மேல் இன்னொன்றை ஒட்ட, தண்ணீர் தொட்ட விரலே போதும். நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவினால் போட்டுவிட வேண்டும். அவன் இருந்தால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். இல்லையென்றால் நல்ல வெயிலில் திருப்பித் திருப்பி மூன்று நான்கு நாள் காய வைக்கலாம். கனமாகச் செய்தால் வெடிக்கும்.

உப்பு மாவை பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது. அதே உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். நமக்கோ கிறிஸ்துமஸ் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகிறது. ஆகவே நன்றாகக் காய்ந்தபின் வர்ணம் பூசி, அதுவும் உலர்ந்தபின் முன்னும் பின்னும் துளைக்குள்ளும் இரண்டு முறை வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷ் வேலை பெரியவர்களுடையது.

இனி சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாவு பார்வைக்குச் சப்பாத்தி மாவு போலவே இருக்கும். ஆனால் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் உப்பு. 30 கிராம் உருண்டை ஒன்றில் 10 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தை இதை விழுங்கினால் இரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பும் உயிராபத்தும் நேரிடலாம். ஆகவே எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். மற்றவர்களோடும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு நாய்க்கும் இது எட்டக் கூடாது.

வார்டில் இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. கையில் புண் இருந்தால் உப்பு எரியும். அந்தப் பிள்ளை வர்ணம் பூசட்டும். டிரிப் ஏறும் கை ஓய்வில் இருக்கும், மறு கை பிசையும். ஒருவர் மாவை மற்றவர் தொடுவதில்லை. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம்.

நட்சத்திரமும் தேவதூதரும் செய்யச் சொல்லித்தான் தொடங்குகிறோம். பிள்ளைகளோ டவுன் பஸ், செருப்பு, ஆட்டுக்குட்டி, ஊசி என்று செய்கிறார்கள். தீக்காயம் ஆறி விரல்கள் இறுகிப்போன ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், பயிற்சி என்றாலே அழுதவன், பிசியோதெரபி சகோதரியின் அனுமதியோடு பரோட்டா போடுகிறேன் என்று அரை மணி நேரம் மாவை அழுத்திக்கொண்டிருந்தான். அதைக் காயவைத்து, தனக்குக் கட்டு மாற்றிய நர்சம்மாவுக்கே கொடுத்தான். வாங்கிக்கொண்டே இருந்த பிள்ளை அன்று கொடுக்கிறவனானான்.

வீடு திரும்பாத பிள்ளைகளும் உண்டு. தாயும் தகப்பனும் விரும்பினால் மட்டும், அந்தச் சின்னக் கையை மாவில் மெல்லப் பதித்துக் கொடுக்கிறோம். வார்னிஷை இரண்டு முறை அடிக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அந்தத் தாய் பல மழைக்காலங்களுக்கு அதை வைத்திருக்க வேண்டும். தென் அமெரிக்காவில் ஈக்குவடார் நாட்டின் கீட்டோ நகருக்கு அருகே கால்தெரோன் என்ற ஊர் மாவுப் பொம்மைகளுக்குப் பேர்போனது. கல்லறைத் திருநாளுக்கென்று மாவில் உருவங்கள் செய்த வழக்கத்திலிருந்து வளர்ந்த கைத்தொழில் அது. துக்கத்தில் கைக்கு ஒரு வேலை தேவை என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, இந்த டிசம்பரில் உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். உப்பைப் பற்றிய எச்சரிக்கையை மறவாதீர்கள். பிள்ளையின் வேலையை வாங்கித் திருத்தாதிருங்கள். கோணல் நட்சத்திரம் கோணலாகவே மரத்தில் தொங்கட்டும். அதைச் செய்தவன் தூரத்திலிருந்தே தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்வான்.