உடல் எனது என்னும் உணர்வு
(திருவனந்தபுரத்தில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



ஐம்பொறிகளை மெய், வாய், கண், மூக்கு, செவி என்று வரிசைப்படுத்துகிறோம். உடலையும் தொடுவுணர்வின் பொறியையும் உண்மையையும் தமிழ் ‘மெய்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆனால், இந்தக் கை என்னுடையது என்று நமக்கு அறிவிப்பது மெய் மட்டும்தானா?

1998-ஆம் ஆண்டில் பாட்வினிக், கோஹன் என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். ஒருவருடைய கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, அவர் கண்முன் ரப்பர் கை ஒன்றை வைத்தனர். இரண்டையும் தூரிகைகளால் ஒரே நேரத்தில் வருடினர். 10 நிமிடங்களுக்குப் பிறகு, ரப்பர் கையிலேயே தீண்டலை உணர்ந்ததாகப் பலர் கூறினர். வருடல் முன்பின்னாக அமைந்தால் இம்மயக்கம் பெரிதும் குறைந்துவிடுகிறது. ரப்பர் கையை உடலுக்குப் பொருந்தாத திசையில் திருப்பி வைத்தாலும் அப்படியே. கண்ணும் மெய்யும் ஒரே செய்தியை ஒரே கணத்தில் சொன்னால்தான் மூளை அதனை ஏற்கிறது. மெய்நிகர்க் காட்சிக் கருவியை அணிந்தவர், கணினி வரைந்த கையைத் தன் கையாகக் கொள்வதும் இவ்விதிப்படியே.

இதில் மருத்துவப் பயன் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில், கையிழந்தோருக்கு இல்லாத கையில் தோன்றும் வலியை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்தியது, ஒரு பெட்டியும் நிலைக்கண்ணாடியும்தான்! இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரிந்தது. சிலருக்கு வலி தணிந்தது. பின்னர் இம்முறை பக்கவாத நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

இந்நகரின் பொது மருத்துவமனையில் நடைப் பயிற்சிக்கு ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் இயந்திரம் நிறுவப்பட்டுள்ளது. இங்குள்ள டெக்னோபார்க்கின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது அது. பெருமைக்குரியதே. எனினும், கால் அசைக்கப்படுவது வேறு, தானே அசைப்பதாக உணர்வது வேறு. பிறர் அசைத்தாலும் கை தன்னுடையதாகத் தோன்றலாம். தான் இயக்குகிறோம் என்ற உணர்வோ, நினைத்தபடி அசைந்தால்தான் பிறக்கும். பயிற்சிக் கருவி எதுவாயினும் நோயாளியின் முயற்சிக்கு இடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

மெய்நிகர்க் கருவிகளைப் பற்றியும் மிகையான நம்பிக்கை வேண்டாம். பக்கவாதத்திற்குப் பிந்தைய கைப் பயிற்சியில், அவை வழக்கமான சிகிச்சையைவிட மேலானவை என்று 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காணவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்து, பயிற்சி நேரத்தைக் கூட்டும்போது பயன் இருப்பதாகவே கண்டது. கண்ணாடியைத் தாலுகா மருத்துவமனையிலும் வைக்கலாம், செலவு சொற்பம். அதில் காலதாமதமும் இல்லை.

கணினிக் கருவியில் அத்தாமதம் உண்டு. வாங்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்கள் ஒன்று கேட்கவேண்டும்: நோயாளி கையை அசைத்தபின் திரையிலுள்ள கை அசைய எத்தனை மில்லி வினாடி ஆகிறது? ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, விலைக்கும் உத்தரவாதக் காலத்திற்கும் பக்கத்தில் இந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.