உலாவியிற் புகும் கள்ளநிரல்



கல்குடா, பாசிக்குடாக் கரையோரத்திலே உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டுச் சீவிப்போர் பலர். அறைப் பதிவு, வங்கிக் கணக்கு, வெளிநாட்டாருடன் கடிதத் தொடர்பு யாவும் இன்று கணினியின் உலாவி வழியாகவே நடைபெறுகின்றன. செலவைக் கருதிப் பழைய கணினியொன்றை வாங்கி, அதிலே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்வோரும் உளர். நல்ல செயல்தான். ஆயின், லினக்ஸில் வைரஸ் வாராது என்று பலரும் கூறுவதை வேதவாக்காகக் கொள்ளுதல் ஆபத்தாகும்.

1991 ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸில், கணினியின் அடிப்படைக் கோப்புகளைத் தொடுவதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். உண்மையே. ஆனால், திருடன் நாடுவது அக்கோப்புகளையா? உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்களும், நாம் உள்நுழைந்தமைக்கு அடையாளமாக அது காத்துவைக்கும் 'குக்கி' என்னும் சீட்டுமே அவனுக்குப் போதும். அவை நமது சொந்தக் கோப்புறையிலே இருப்பன. அங்கே நிர்வாகியின் பூட்டு இல்லை.

திரையின் மூலையிலே ஓயாது விளம்பரம் தோன்றுகிறதா? பெரும்பாலும் அது வைரஸே அன்று. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்டபோது நாம் இசைந்திருப்போம். உலாவியின் அமைப்புகளிலே அவ்வனுமதியை நீக்கினால் தொல்லை ஒழியும். இதற்காகக் கணினி முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவவேண்டும் என்று கூலி கேட்பாரை நம்பற்க.

தேடல் வேறிடம் பாய்கிறது, முகப்புப் பக்கம் தானாக மாறுகிறது என்றால், நீட்சிகளைப் பார்க்கவேண்டும். வேலியே பயிரை மேய்வதும் உண்டு. 'கிரேட் சஸ்பெண்டர்' என்ற குரோம் நீட்சி பல்லாண்டு நற்பெயருடன் விளங்கியது. 2020 இல் அது கைமாறியது. 2021 பெப்ரவரியிலே தீநிரல் உள்ளதெனக் கூகுள் அதனை அகற்றியது. ஆதலால், நேற்று நிறுவியதை மட்டுமன்றி, நெடுநாள் இருந்ததையும் ஐயுறுக. தேவையற்றதை நீக்கியபின், உலாவியிலே புதிய பயனர் விவரத்தொகுப்பு ஒன்றை உருவாக்கிப் பழையதைக் கைவிடுதல் நன்று. ஒத்திசைவை முதலிலே நிறுத்துக. இல்லையேல் நீக்கிய நீட்சி இணையத்தின் வழியே திரும்பவும் வந்து சேரும்.

சொந்தக் கணினியிலே, 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று உலாவி கூறினால் விசாரிக்கவேண்டும். லினக்ஸை வழங்குவோரே அவ்வாறு அமைத்திருத்தலும் கூடும். அன்றெனில், நிர்வாகியின் அதிகாரத்தோடு எவரோ கொள்கைக் கோப்பு வைத்துள்ளனர் என்பது பொருள்.

அதிகாரம் பறிபோவது பெரும்பாலும் நமது கையாலேயே. 2025 ஜூலை 16 ஆம் நாள், ஆர்ச் லினக்ஸ் பயனர் களஞ்சியத்திலே, பயர்பொக்ஸ் முதலிய உலாவிகளின் திருத்தம் என்ற பெயரில் மூன்று பொதிகள் ஏற்றப்பட்டன. அவற்றுள் இருந்தது, தொலைவிலிருந்து கணினியை ஆளும் 'கேயாஸ்' என்னும் கள்ளநிரல். இரண்டு நாளில் அவை அகற்றப்பட்டன. அதற்குள் நிறுவியோர் தாமே கடவுச்சொல்லைத் தட்டி அதற்கு வழிவிட்டனர். இத்தகைய நிலையில் உலாவியைத் துப்புரவாக்குதல் போதாது. ஆவணங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு, இயங்குதளத்தை மீள நிறுவுதலே தக்கது.

எவ்வகையாயினும், களவு போயிருக்கலாம் என ஐயுற்றவுடன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பழுதற்ற வேறொரு கருவியிலிருந்து, மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலிலும் வங்கியினதை அடுத்தும் மாற்றுக. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துக. குக்கி களவுபோயிருந்தால், புதிய கடவுச்சொல் மாத்திரம் அதனைச் செல்லாததாக்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இத்தனையும் செய்த பின்னரும் தளங்கள் திசைமாறினால், அதே வைஃபையில் இணைந்த கைத்தொலைபேசியைப் பாருங்கள். அதிலும் அவ்வாறே நேர்ந்தால், ஐயத்துக்குரியது வீட்டு ரௌட்டர் பெட்டி. அதன் டிஎன்எஸ் அமைப்பையும் கடவுச்சொல்லையும் திருத்தல் வேண்டும்.