இழைப்புளியும் ரம்பமும்

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் படங்கள் காட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பிய ஓவியங்களில் நீதி, அமைதி, ஒற்றுமை எல்லாம் பெண்களாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லத்தீன் மொழியில் இந்தச் சொற்கள் எல்லாமே பெண்பால். தமிழில் இவை அஃறிணை. "அது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர்களுக்கோ "அவள்". அவளுக்கு ஒரு முகம் வேண்டும், கையில் அடையாளமாக ஒரு பொருளும் வேண்டும். நீதிக்குத் தராசு, அமைதிக்கு ஒலிவக் கிளை. இன்று ஒரே ஒரு அறையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

இத்தாலியில் சியெனா நகரம். 1287 முதல் 1355 வரை அதை ஆண்டது ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு. பெரும்பாலும் வணிகர்கள், வங்கித் தொழில் செய்தவர்கள். பதவிக்காலம் இரண்டே மாதம்! பிறகு வேறு ஒன்பது பேர். (நம் செயற்குழுவினர் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) அவர்கள் கூடிப் பேசும் அறையின் மூன்று சுவர்களில் 1338-39இல் அம்ப்ரோஜியோ லோரன்சேத்தி நல்லாட்சியையும் கொடுங்கோலாட்சியையும் வரைந்தார். கோயிலுக்காக வரையப்பட்டதல்ல, முடிவெடுக்கிறவர்கள் தினமும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்டது.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைப் பாருங்கள். இடப்பக்கம் நீதி உட்கார்ந்திருக்கிறாள். தராசை மேலே பிடித்திருப்பது அவள் இல்லை, அறிவு. நீதியின் கண் அறிவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகளிலிருந்தும் இரண்டு கயிறுகள் கீழே இறங்குகின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒற்றுமை அவற்றை ஒன்றாக்கி, பக்கத்தில் நிற்கும் குடிமக்களிடம் தருகிறாள். 24 பேர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு.

ஒற்றுமையின் மடியில் என்ன இருக்கிறது தெரிகிறதா? தச்சர் வைத்திருக்கும் இழைப்புளி. மேடுகளைச் சீவிச் சமமாக்கும் கருவி. அந்த 24 பேரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒற்றுமை என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டு கைகோத்து நிற்பது என்று இவர் வரையவில்லை. இழைத்தால் கொஞ்சம் மரம் போகத்தான் செய்யும்.

கயிறு எங்கே முடிகிறது? கறுப்பு வெள்ளை உடையில் அரசரைப் போல அமர்ந்திருக்கும் முதியவரின் கையில். அவர்தான் பொதுநலம், சியெனாவும் அவரே. குடிமக்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டுப்பட்டிருப்பது ஆள்கிறவரின் மணிக்கட்டு. எனக்கு இந்தச் சுவரில் மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் வலது ஓரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வேறொரு கயிற்றில் கைதிகள் கட்டப்பட்டு நிற்கிறார்கள். கயிறு எல்லோருக்கும் ஒன்றல்ல.

இப்போது மேற்குச் சுவர், கொடுங்கோலாட்சி. நிறைய சிதைந்துவிட்டது. கொம்பும் கோரைப்பல்லுமாகக் கொடுங்கோன்மை. அதன் காலடியில் கட்டுண்டு கிடக்கிறாள் நீதி. பக்கத்தில் இருப்பவர்களில் ஒருத்தி பிளவு. பாதி கறுப்பு, பாதி வெள்ளை உடை. ஒன்றில் "ஆம்", மற்றதில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. கையில் ரம்பம். அதுவும் தச்சுக் கருவிதான். இரண்டும் ஒரே பட்டறையில் கிடப்பவை என்பதை இந்த ஓவியர் மறக்கவில்லை.

கிழக்குச் சுவரில் நல்லாட்சியின் பலன்கள்: கடைகள், பாடம் நடத்தும் ஆசிரியர், நடனம், கூரை மேல் கட்டட வேலை செய்யும் கொத்தனார்கள். ஊர் வாசலுக்கு வெளியே வானத்தில் ஒரு பெண் பறக்கிறாள். பெயர் செக்யூரித்தாஸ். ஆமாம், நம் வாசலில் இருப்பவரைச் "செக்யூரிட்டி" என்கிறோமே, அந்தச் சொல்லின் தாய். பயமில்லாமல் எல்லோரும் நடமாடலாம் என்ற வாக்குறுதி எழுதிய சுருள் ஒரு கையில். இன்னொரு கையில் தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். அந்த அமைதிக்கு ஒரு விலை இருந்ததை ஓவியர் ஒளிக்கவில்லை.

ஓவியம் நகரைக் காப்பாற்றியதா என்று கேட்பீர்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரில் பெரும்பகுதியினர் மாண்டார்கள். லோரன்சேத்தியும் அதில்தான் இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1355இல் கலகம் எழுந்து ஒன்பதின்மர் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த அறையில் உட்கார்ந்தவர்களும் இதே சுவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இத்தாலி போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு: சியெனாவின் பெரிய சதுக்கத்திலேயே அந்த அரண்மனை இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம். ஒற்றுமையின் படத்தைத் திரையில் அப்படியே விட்டுவைக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.